இடைவெளி மாறவேயில்லை

பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன்.

இதை எழுத வேண்டும் என்று நான் முதன்முதலில் பேனையை எடுத்தது என் கடைசி மகள் பால்குடி மறந்த வருடம். இப்போது அவள் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இடையில் எத்தனை தடவை எடுத்து எடுத்து வைத்தேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், எனக்கு எழுத வராது என்று சொல்லிக்கொண்டது ஒரு சாட்டு. உண்மையான காரணம் பயம். எழுதினால் இங்கே என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு பயம். எழுதாமல் கண்மூடி மௌத்தானால் அங்கே என்னை எப்படிக் கேட்பார்கள் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பழைய வீட்டு மேல்மாடி அறையில் மூன்று வருடம் இருந்த ஒருவரைப் பற்றியது இது. கெம்பஸில் கணிதம் படிப்பித்தவர். பெயர் எழுதமாட்டேன். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம், இங்கும் அதுவே இருக்கட்டும். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மெலிந்த உடம்பு. பிளேன்டீயை ஆறவிட்டு, முற்றாக ஆறிய பிறகுதான் குடிப்பார். சூடாகக் குடிக்கச் சொன்னால், "இருக்கட்டும்க்கா, அதுவா ஒரு நெலைக்கு வரட்டும்" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் தன்னைக் கழிப்பார். "மொதல்ல என்னைய கழிச்சிட்டுப் பாப்போம்" என்பது அவருடைய வாய்ப்பேச்சு.

அதை நான் முதலில் கண்டது என் கடைசி மகள் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது. பிள்ளையின் எடை ஏறவில்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான் அழுதுகொண்டிருந்தேன். மிஸ் கீழே இறங்கி வந்தார். மலையில் எங்களுக்குக் கீழே இருந்த வீட்டுக்காரியை நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவரிடம் நின்று பார்க்கும் தராசு ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுத் தனியே ஏறினார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். மறுபடி செய்தார். மூன்றாம் முறையும் செய்தார்.

"என்னைய கழிச்சாச்சு. மிச்சம் உள்ளது பாப்பா மட்டும்தான். கிளினிக்ல சட்டை இல்லாம நிறுத்தாங்களா, சட்டையோடயா?"

"போன மாசம் சட்டையோட மிஸ். இந்த மாசம் சட்டை இல்லாம."

"அப்ப அழாதீங்க. சட்டைதான் கொறஞ்சிருக்கு."

என் பிள்ளைகளின் வாப்பா தானும் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தார். அவருடைய கணக்கு வேறாக வந்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நானா, பாப்பாவோட ஏறயில சாரத்து மடியில போன் இருந்துச்சு. தனியா ஏறயில மேசையில இருக்கு. போனையும் பாப்பாவோட சேத்துட்டீங்க."

"இந்த வீட்டுல எனக்குத் தனியா ஒரு நிறை கூட இல்ல" என்று பிள்ளைகளின் வாப்பா சொன்னார். அன்று முழுக்க நாங்கள் சிரித்தோம்.

ஆனால் அந்தப் பழக்கம் எல்லா நேரமும் இனிக்கவில்லை. ராத்தாவோடு எனக்கு ஏதாவது மனக்கசப்பு வந்து மிஸ்ஸிடம் முறையிட்டால், "நீங்க அங்க நிக்காத நேரத்துல அவங்க மொகம் எப்பிடி இருக்கும்னு பாருங்க. உங்கள கழிச்சிட்டுப் பாருங்கக்கா" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆறுதல் கேட்டுப் போனவளுக்குக் கணக்குச் சொல்கிறாரே என்று இருக்கும்.

அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். கொப்பியின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். பொதுச் சார்பியலில் பருமனுள்ள பல உடல்களின் இயக்கம்.

"எனக்கு விளங்கல்ல மிஸ்."

"நீங்க அஞ்சு பேரும் ஒரு மெத்தையிலதானே படுக்குறீங்க? நானா திரும்பிப் படுத்தா என்னா நடக்குது?"

"புள்ளைகள் எல்லாம் அவர்ட பக்கம் உருளுற. பள்ளம் விழுந்த மெத்தை."

"அதேதான். ஒவ்வொருத்தரும் ஒரு பள்ளம் போடுறாங்க. ஒருத்தர் பள்ளம் மத்தவங்க பள்ளத்த மாத்துது. வானத்துல உள்ளதெல்லாம் அப்பிடித்தான். சூரியன், சந்திரன், பூமி, எல்லாம் எடத்தையே வளைக்குது, வளைஞ்ச எடத்துலயே அசையுது. ஆளுங்கள புள்ளியா வச்சா கணக்கு கொஞ்சம் லேசு. ஆனா யாரும் புள்ளி இல்லியே. கை, கால், வயிறு எல்லாம் இருக்கு. ஒரு ஒடம்ப அசைக்கிறது மத்தவங்க போட்ட பள்ளம். தான் போட்ட பள்ளத்த அதுல சேக்கக் கூடாது. ஆனா எல்லாம் ஒரே மெத்தை. எது என்னோடது, எது உங்களோடதுன்னு பிரிக்கணும். பதினொரு வருசமா நான் அதைத்தான் பிரிக்கிறேன்."

ஏன் எதிலும் முதலில் தன்னைக் கழிக்கிறார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொரு நாள் அவர் சொன்னது என்னை நடுங்க வைத்தது. ஒரு உடம்பு போட்ட வளைவு வெளியே பரவிப் போகுமாம். போன வழியில், மற்ற உடம்புகள் வளைத்த இடத்தில் பட்டுச் சிதறுமாம். அதில் கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்து அந்த உடம்பையே தள்ளுமாம். "நாம அனுப்புனதுதான். ஆனா வரும்போது நம்மளோடதுன்னு அடையாளம் தெரியாது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் கூடும் மஜ்லிஸில் எழும்பி நின்று, செய்த அமல், நல்லதோ கெட்டதோ, திரும்பி வரும் என்று எங்கள் வீட்டு மிஸ் கணக்குப் போட்டே நிரூபித்திருக்கிறார் என்று சொன்னேன். எல்லோரும் சுப்ஹானல்லாஹ் சொன்னார்கள். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அது மிஸ்ஸின் காதுக்குப் போய்விட்டது. நான் சமைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் அத சொல்லல."

"நல்லதுக்குத்தானே மிஸ் செல்லின. கேட்ட எல்லாருக்கும் ஈமான் கூடும்."

"உங்க நம்பிக்கைக்கு என் கணக்கு வேணாம்க்கா, அது அதுபாட்டுக்கு நிக்கும். என் கணக்குக்கும் அது வேணாம். நான் என்னா சொன்னேனோ அத மட்டும் சொல்லுங்க. நல்லதுக்குன்னு ஒண்ணும் சேக்காதீங்க. தயவுசெஞ்சு."

சரி என்றேன். மனதுக்குள், இவருக்கு மனுசர்களின் மனம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். என்னுடைய குற்றம் அங்கே தொடங்குகிறது.

எங்கள் வீடு இருந்தது பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து கடுகண்ணாவைப் பக்கமாக மேலே ஏறும் ஒரு குறுக்குப் பாதையில். மலையை வெட்டிக் கட்டிய வீடு. எங்கள் முற்றத்துக்குக் கீழே கருங்கல் தடுப்பு மதில். மதிலின் அடியில் ராத்தாவின் வீட்டுப் பின்சுவர். அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பல கிழமை பெய்தது. மதில் ராத்தாவின் வீட்டுப் பக்கம் சாய்கிறதோ என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்தது.

மிஸ்தான் ஒரு வழி சொன்னார். மதிலுக்கும் ராத்தாவின் சுவருக்கும் நடுவே சரியாகப் பொருந்தும்படி ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தார். மதில் சாய்ந்தால் கம்பு உள்ளே போகாது. அவ்வளவுதான். ராத்தா தினமும் சுபஹ் தொழுதுவிட்டு, விடிந்ததும் கம்பை வைத்துப் பார்ப்பார். நான் மேலே இருந்து கேட்பேன்.

"ராத்தா, கம்பு நிக்கிதா?"

"நிக்கிது புள்ள. அல்ஹம்துலில்லாஹ். ஒங்கட மிஸ் வெட்டின கம்பு, பொண்ணு மாப்புள மாதிரி பொருந்தி நிக்கிது."

ராத்தாவின் வீட்டில் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான் எல்லாம் பின்னறையில் அடுக்கியிருந்தது. புது அலுமாரி, தையல் மெஷின், வெள்ளித் தட்டுகள், உடுப்புப் பெட்டிகள். ராத்தா ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான். அந்தப் பின்னறைதான் மதிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரு கிழமைக்கு மேல் கம்பு சரியாக நின்றது. எங்கள் பயம் போய்விட்டது.

ஒரு நாள் காலை மிஸ் கெம்பஸ் போக வெளிக்கிட்டு, தன் அறைக் கதவைச் சாத்தினார். கதவு இறுகியது. தோளால் தள்ளிச் சாத்தினார். பிறகு போகாமல் அங்கேயே நின்றார். மறுபடி திறந்து, மறுபடி சாத்தினார். பையை வைத்துவிட்டுக் கீழே வந்து எங்கள் அறைக் கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தார். குசினித் தரையில் என் மூத்த மகளின் மாபிள் குண்டு ஒன்றை வைத்தார். அது தானாகவே ராத்தாவின் வீட்டுப் பக்கம் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. போன மாதம் வரை அது வைத்த இடத்தில் நிற்கும்.

அதை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமலே நிமிர்ந்தார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அக்கா, கம்பு பொய் சொல்லுது."

"இன்னைக்கும் சரியாத்தானே நிக்கிது மிஸ்?"

"அதுதான்க்கா பயம். மதிலும் அவங்க வீடும் நம்ம வீடும் எல்லாமே சேந்து எறங்குது. சேந்து எறங்குனா நடுவுல உள்ள தூரம் மாறாது. எப்பிடி மாறும்? நான் இதைத்தானே படிப்பிக்கிறேன்! எல்லாம் ஒண்ணா விழுந்தா விழுறதே தெரியாதுன்னு மொத வருசப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். அப்புறம் ஒரு கம்ப வெட்டிக் குடுத்து உங்கள நிம்மதியா தூங்க வச்சிட்டேன்."

கதிரையில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"புள்ளிக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. பருமன் உள்ளதுக்குத்தான் தெரியும். மேல் பக்கம் ஒரு மாதிரி இழுபடும், கீழ்ப் பக்கம் ஒரு மாதிரி இழுபடும். ஒடம்பு கோணும். இந்த வீடு கோணுது. கதவு அதைத்தான் சொல்லுது."

அன்றே என் பிள்ளைகளின் வாப்பா கிராம சேவகரைக் கூட்டி வந்து காட்டினார். அவர் பார்த்துவிட்டு, மழை கூடினால் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று இரண்டு வீட்டுக்கும் சொன்னார். மிஸ் ராத்தாவின் கையிலிருந்த கம்பை வாங்கி முறித்துப் போட்டார். ராத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் ஒன்றை முறிக்கலாமா என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. கதவு இறுக்கமாக இருந்தாலும், தள்ளினால் சாத்த முடிந்தது.

ஐந்தாம் நாள் மிஸ்ஸின் தகப்பனார் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது என்று தோட்டத்திலிருந்து செய்தி வந்தது. அவர் போயே ஆக வேண்டும். அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. பை தோளில், சப்பாத்து கையில், எங்கள் வாசலில் நின்று சொன்னார். அவர் சொன்ன சொல் ஒவ்வொன்றும் இன்றும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, கதவு சாத்த முடியலன்னா, ஒண்ணும் எடுக்காம வெளிய போங்க. ஒண்ணுமே எடுக்காம. என் ரூம்ல கொப்பி இருக்கு, அதையும் தொடாதீங்க. கீழ் வீட்டுல போய் இதே மாதிரி சொல்லுங்க. நானே சொல்லுவேன், அவங்க சந்தைக்குப் போயிருக்காங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது. அவங்ககிட்ட அப்பிடியே சொல்லுங்க."

"செல்றன் மிஸ். நீங்க தைரியமா போங்க."

ராத்தா சந்தையிலிருந்து வந்ததும் நான் கீழே போனேன். பின்னறையில் ராத்தாவும் மகளும் உடுப்புகளுக்கு நடுவில் இருந்தார்கள். கல்யாணத்துக்கு மூன்றே நாள். என்னைக் கண்டதும் ராத்தா கல்யாண உடுப்பை விரித்துக் காட்டினார்.

"பாரு புள்ள, எப்பிடி?"

"மாஷா அல்லாஹ் ராத்தா."

"ஒங்கட மிஸ் என்ன செல்லிட்டுப் போன? இன்னும் என்னத்த முறிக்கச் செல்லின?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த அறையில் நின்றுகொண்டு, இந்தச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடுங்கள் என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. அபசகுனம் பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று பயம். மனம் நோகுமே என்று இரக்கம். இரண்டும் சேர்ந்து என் வாயில் வேறு சொல்லாக வந்தது.

"ஒண்ணுமில்ல ராத்தா. கதவு சாத்த ஏலாமப் போனா, வேண்டிய சாமான எடுத்துக்கொண்டு வெளிய போகட்டாம்."

இதுதான் நான் சொன்னது. வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு. மூன்றே மூன்று சொல் மாற்றினேன். நல்லதுக்குத்தான் மாற்றினேன் என்று அன்றைக்கு என் மனம் சொன்னது.

அடுத்த நாள் மத்தியானம் லுஹருக்கு முன்பு மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விட்டுவிடும் என்று இரண்டு வீட்டாரும் மண்டபத்துக்குப் போகாமல் இருந்துவிட்டோம். பின்னேரம் அஸருக்குக் கொஞ்சம் முன்னால் குசினிக் கதவைச் சாத்தப் போனேன். சாத்த முடியவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். என் பிள்ளைகளின் வாப்பா வந்து தோளால் இடித்தார். நிலை கோணி நின்றது.

எங்களுக்கு மிஸ்ஸின் சொல் அப்படியே தெரியும். கைக்குழந்தையை நான் தூக்கினேன். மற்ற இரண்டையும் அவர் பிடித்தார். செருப்பும் போடவில்லை. அடுப்பில் சோறு கிடந்தது. என் நகை அலுமாரியில் கிடந்தது. ஒன்றும் எடுக்காமல் வெளியே ஓடினோம். ஓடும்போது மதிலோரம் நின்று கீழே பார்த்து நான் கத்தினேன்.

"ராத்தா! கதவு! கதவு!"

உள்ளே இருந்து குரல் வந்தது. "ஓ புள்ள, எங்கடதும் இறுகிட்டு. சாமான எடுத்துட்டு வாறம். நீ புள்ளைகளப் பாரு."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வேண்டாம், விடுங்கள், மிஸ் சொன்னது அதல்ல என்று. என் பிள்ளைகளின் வாப்பா கையைப் பிடித்து இழுத்தார். நான் ஓடினேன். பாதையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, ராத்தாவின் கணவரும் மகளும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் வந்தார்கள். பெட்டியைப் பாதையில் வைத்தார்கள். ராத்தா அவர்களுக்குப் பின்னால் வாசல் வரை வந்தார். நான் அவரைக் கண்டேன். கையைத் தலையில் வைத்து எதையோ நினைத்தவர் போல நின்று, மறுபடி உள்ளே போனார்.

முதலில் பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. எங்கள் வீடு, முற்றம், மதில், ராத்தாவின் பின்னறை எல்லாம் ஒன்றாக, ஒன்றை விட்டு ஒன்று விலகாமல், மெதுவாக நகர்ந்தன. அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளி மாறவேயில்லை. பிறகுதான் சத்தம் வந்தது.

ராத்தாவை மறுநாள் காலை எடுத்தார்கள். அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தாராம். கையில் அந்தக் கல்யாண உடுப்பு இருந்ததாம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தார். பாதை உடைந்திருந்ததால் பாதி வழி நடந்து வந்ததாகச் சொன்னார். சேறு முழங்கால் வரை. நேராக ராத்தாவின் கணவர் இருந்த பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டு நானா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"நீங்க செல்லி அனுப்பின மாதிரித்தான் செஞ்ச மிஸ். கதவு இறுகின ஒடனே சாமான எடுத்த. நீங்க செல்லின மாதிரியேதான்."

மிஸ் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, நான் சொன்னது அப்பிடியேதானே சொன்னீங்க?"

மண்டபத்தில் அத்தனை பேர். என் பிள்ளைகள் மடியில். ராத்தாவின் மகள் சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஓ மிஸ். அப்படியேதான் செல்லின."

அல்லாஹ் சாட்சியாக இருக்க, அந்தப் பொய்யை நான் சொன்னேன்.

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் கணக்குப் போடுவார், தன்னைக் கழிப்பார், மிச்சமாக நான் நிற்பேன் என்று பயந்தேன். ஆனால் அன்றைக்கு அவர் கழிக்கவில்லை. முழுவதையும் தன் மேல் ஏற்றிக்கொண்டார்.

"அப்ப என் வாயிலதான் தப்பு. பஸ்ஸுக்கு அவசரத்துல எப்பிடிச் சொன்னேனோ. கம்ப வெட்டிக் குடுத்ததும் நான். சரியா சொல்லாமப் போனதும் நான்." கீழ் வீட்டு நானாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்தார். "என்னைய மன்னிச்சிருங்க நானா."

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, இல்லை உண்மையிலேயே தன் வாய்தான் தவறியது என்று நம்பினாரா? எனக்குத் தெரியாது. எதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. தெரிந்து சுமந்திருந்தால் அது ஒரு பாரம். தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறார் என்றால் அது அதைவிடப் பெரிய பாரம்.

மண்ணைக் கிளறியவர்கள் மிஸ்ஸின் கொப்பிகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் தந்தார்கள். அதை ஒரு சீலைப் பையில் சுற்றிக்கொண்டு சந்தியில் பஸ் ஏறினார். ஏறும்போது என் மகளின் கன்னத்தைத் தொட்டார். அவ்வளவுதான். பிறகு அவர் கெம்பஸை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கணக்கையும் நிறுத்திவிட்டதாக ஒருவர் சொன்னார். உண்மையோ தெரியாது. ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு பெருநாள் அன்று எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "அக்கா, பாப்பா இப்ப எத்தன கிலோ?" நான் அதை வாசித்தேன். வாசித்தது அவருக்கும் தெரிந்திருக்கும். பதில் அனுப்பவில்லை. பிறகு அவர் எதுவும் அனுப்பவில்லை. இப்போது அந்த நம்பர் வேலை செய்வதில்லை.

எங்கள் பாதையில் இன்றும் ஒரு கதை நடமாடுகிறது. படித்த மிஸ் ஒருத்தி சாமானை எடுக்கச் சொல்லி ஒரு கல்யாண வீட்டுத் தாயைக் கொன்றுவிட்டாள் என்று. கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள், போன மாதம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் என் பக்கத்தில் இருந்தவள் என்னிடமே சொன்னாள். நான் வாயில் விட்ட ஒரு சொல், எத்தனையோ பேரைச் சுற்றி, அடையாளம் தெரியாமல் வந்து என்னை இடித்தது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. இதை அமல் என்றோ, மிஸ்ஸின் கணக்கு என்றோ நான் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தொழுது அழுதிருக்கிறேன். தௌபா செய்திருக்கிறேன். ஆனால் மனுசருக்குச் சேர வேண்டிய ஹக்கைப் பறித்த பாவம் அந்த மனுசர் மாப்புத் தந்தால்தான் தீரும் என்று சிறு வயதிலிருந்து படித்தவள் நான். ராத்தாவிடம் இனி கேட்க முடியாது. மிஸ் எங்கே என்று தெரியாது. மிஞ்சி இருப்பது ராத்தாவின் மகளும் அவளுடைய வாப்பாவும்.

இதை எழுதி முடித்து, நேற்று அஸருக்குப் பிறகு அந்த மகளின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்போது அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். வாசலில் நின்றபடியே கடைசி வரை வாசித்தாள். தாளை மடித்து என் கையில் தந்தாள்.

"மாமி, நான் ஒண்ணும் செல்ல ஏலாது இப்ப. வாப்பாக்கு நான் செல்றன். நீங்க போங்க."

மாப்புத் தந்தாள் என்று எழுத எனக்கு ஆசை. வாசிக்கிற உங்களுக்கும் மனம் ஆறும். ஆனால் அவள் தரவில்லை. அவள் சொன்னது அவ்வளவுதான். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை ஓர் அமானிதமாக எடுத்து மற்றவர்களுக்கு எத்தி வையுங்கள். மலைச் சரிவில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தப் பொய்க்கதை போன இடமெல்லாம் இதுவும் போகட்டும். மிஸ் எந்த ஊரில் இருந்தாலும் அவர் காதுக்கு எட்டட்டும். என் மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக் குறைக்க வேண்டாம். கோபப்பட்டு ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம். மற்றதெல்லாம் மறந்து போனாலும் பரவாயில்லை, மிஸ் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர் சொன்னது இதுதான்:

"கதவு சாத்த முடியலன்னா, ஒண்ணும் எடுக்காம வெளிய போங்க."